வாய்க்கு முந்திய கை

எங்கள் இடத்தைத் திறந்து மூன்றாவது நாளே, நாங்கள் வேலைக்கு வைத்த ஆள் ஒரு விருந்தாளியை அடித்துவிட்டார். கல்யாணம் முடித்துச் சில நாளே ஆன பொடியன் ஒருவன், பெண்டாட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கூடாரங்களுக்கு நடுவால் மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வந்தான். இவர் குறுக்கே பாய்ந்து ஹாண்டிலைப் பிடித்தார். வண்டி சரிந்தது. எழுந்து நின்றவனின் கன்னத்தில் விட்ட அறை, சமையலறையில் நின்ற எனக்குக் கேட்டது. அறைந்த பிறகுதான் அவனுடைய பிடரியைப் பிடித்துத் திருப்பி, இரண்டு முழத் தூரத்தில், கழுத்து உயரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த கூடாரக் கயிற்றைக் காட்டினார்.

"கண்டியா? தலை இரிக்கிறதாலதான் கன்னம் நோகுது" என்றார்.

நான் குதித்தேன். விருந்தாளிக்கு அடிக்கவா உங்களை வேலைக்கு வைத்தது, வாயால் சொல்லத் தெரியாதா என்று கேட்டேன். எனக்கும் வாய் கொஞ்சம் கூடத்தான். அவர் என்னைப் பார்க்காமலே, "சொல்லிப்போட்டு அடிக்க நேரம் இரிக்கல்ல தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கவிழ்ந்து கிடந்த வண்டியைத் தூக்கி நிறுத்தினார். அந்த மனிசனின் குணம் முழுக்க அவ்வளவுதான். வாய்க்கு முந்திக் கை போகும். விளக்கம் பிறகு வரும், அதுவும் கேட்டால்தான் வரும்.

இடம் என்றால், பொத்துவிலுக்குத் தெற்கே, கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவில் ஒரு மணல் திட்டி. கல்முனை, மருதமுனைப் பக்கமிருந்து குடும்பங்கள் வந்து கூடாரம் அடித்து இரண்டு மூன்று நாள் தங்குவதற்காக நானும் என் கணவரும் தொடங்கினோம். என் உம்மாவுக்கு இது பெரிய பகிடி. "கடல் வந்து வீடு போன நேரம் எட்டு மாசம் கூடாரத்துக்குள்ள கிடந்தம். வெளியால வர அல்லாட்ட அழுதம். இப்ப ஆசைக்குப் போய்க் கிடக்கிறாங்களாம்" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பா.

சாமான் அறையும் போக்குவரத்தும் அவருடைய பொறுப்பு. வேன், கார் எல்லாம் கேற்றடியில் நின்றுவிட வேண்டும். அதற்கு அங்கால் மணல். சக்கரம் புதைந்தால் ஆறு பேர் தள்ள வேண்டும். ஆகவே பாய், தலையணை, கோழிக் கூடு, நடக்க ஏலாத மாமிமார் எல்லாவற்றையும் அவர் தன் இரண்டு சக்கர உழவு மெசினின் பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவார். நடக்கிறவர்களுக்குக் கயிறு கட்டிய பாதை ஒன்று. கழிப்பறைக்கும் குழாயடிக்கும் போய்வரச் சைக்கிள்கள். மணலில் ஓட வேண்டும் என்று அவற்றின் காற்றைப் பாதிக்கு இறக்கி வைத்திருப்பார். யாராவது பம்ப் எடுத்துக் காற்றடித்தால், அந்தப் பம்பைப் பறித்துக் களப்புக்குள் எறிவார். மூன்று பம்புகள் அப்படிப் போயின. மூன்றும் வந்தவர்கள் கொண்டுவந்த பம்புகள்.

சாமான் என்றால் அவருக்கு வெறி. கடையில் பளபளப்பாக வாங்கிய கூடாரத்தை யாராவது கொண்டுவந்தால், அதை விரித்து, துணியை இரண்டு கைகளாலும் பிடித்து இழுப்பார். கிழிந்தால், "இது குடைத்துணி. இதுக்குள்ளயா புள்ளயளப் படுக்கப் போடப் போறீங்க" என்று அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். கிழியாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் பாராட்டு. மணலுக்கு முழ நீள இரும்பு முளை வேண்டும், அது இல்லாவிட்டால் உரப் பையில் மணலை நிரப்பிக் கயிற்றோடு சேர்த்துப் புதைக்க வேண்டும். ஆளுக்கொரு டோர்ச் லைட், குடும்பத்துக்கு ஒன்று போதாது. காலில் வார் போட்ட செருப்பு. இவ்வளவும் சரி. மரச் சுத்தியலால் அவர் முளை அடிக்கிறதை மட்டும் நான் நின்று பார்க்கமாட்டேன். மணலுக்குள் யாரோ இருக்கிறான், அவனை எழும்ப விடக்கூடாது என்கிற மாதிரி அடிப்பார்.

பெண்கள் குளிக்க, குழாயடியைச் சுற்றி ஆளுயரத்துக்குத் தார்ப்பாய்ப் படங்கு கட்டித் தந்தவரும் அவர்தான். ஒரு நாள் பின்நேரம் அந்தப் படங்கின் ஓட்டையில் ஒருவன் போனை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு நின்றான். இவர் சுத்தியலோடு வந்தார். முதல் அடியில் போன் நொறுங்கியது. இரண்டாவது அடி அந்தப் போனைப் பிடித்திருந்த விரல்களில் விழுந்தது. அவன் மணலில் விழுந்து புரண்டான், கையைக் கவட்டுக்குள் வைத்துக்கொண்டு மாடு மாதிரிக் கத்தினான். இவர் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு, அவன் கத்தி முடியும் வரை நின்றார். பிறகு அவனை மெசின் பெட்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டும் வந்தார். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அன்று நெஞ்சு குளிர்ந்தது. அந்த அடி எனக்கு இனித்தது. அதனால்தான் மற்ற அடிகளையும் பொறுத்துக்கொண்டேனோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

மற்ற அடிகளில் முக்கால்வாசி சோற்றுக்காக விழுந்தவை.

களப்புக்கு அக்கரையில் காடு. காட்டில் யானை. யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்று சொல்கிறார்கள், காட்டு யானைக்கு யார் மணி கட்டியது? அதற்கு நெய் வாசமும் வெல்ல வாசமும் நாலு மைலுக்கு அங்கால் போனாலும் போதும், வந்துவிடும். ஆகவே பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு முன், தின்கிற சாமான் அத்தனையும் கேற்றடியில் உள்ள பெரிய இரும்புப் பெட்டிக்குள் போய்ப் பூட்டுப்பட வேண்டும். பிஸ்கட்டும் உட்பட.

எங்கள் சனத்திடம் இது நடக்கிற காரியமா? வருகிறவர்கள் சஹன் சஹனாக நெய்ச்சோறு கொண்டுவருவார்கள். பெரிய தட்டு, ஆறு பேர் சுற்றியிருந்து தின்கிறது. மிஞ்சும். மிஞ்சின சோற்றை வீசினால் வீட்டின் பரக்கத், அல்லாவின் அருள், போய்விடும் என்று நாங்கள் பால்குடியிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். பெட்டிக்குள் போடு என்றால், மீன் தலையும் கோழிக் குடலும் கிடக்கிற பெட்டிக்குள்ளா என்று முகம் சுளிப்பார்கள். அவர் கண்ணில் படாமல் சீலைக்குள் சுற்றி, தலையணைக்கடியில், பிள்ளையின் உடுப்புப் பைக்குள் ஒளித்துவைப்பார்கள். அவர் ஒவ்வொரு கூடாரமாகப் புகுந்து, பைகளைக் கவிழ்த்து உதறுவார். எதிர்த்துக் கதைத்தால் அடி.

"நான் அடிச்சா வீங்கும். அது அடிச்சா ஜனாஸா, அடக்கத்தான் வேணும்" என்பார். இதை அவர் எத்தனை தரம் சொன்னாரோ, அத்தனை தரமும் அடித்து முடித்த பிறகுதான் சொன்னார்.

கல்முனையில் துணிக்கடை வைத்திருக்கிற ஒரு பெரிய குடும்பம் வந்தபோதுதான் வினை வந்தது. பெரியவர், மக்கள், புது மருமகன் என்று இருபது பேர். மூன்று சஹன் சோறு மிஞ்சிக் கூடாரத்துக்குள் இருந்தது. இவர் வெளியே எடுக்கச் சொன்னார். பெரியவர், "ராவைக்குப் புள்ளயளுக்குப் பசிக்கும். நீ ஒன்ட வேலையப் பாத்துக்கொண்டு போ" என்றார். இவர் உள்ளே போய் ஒரு சஹனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மருமகன் அவருடைய சட்டையைப் பிடித்தான். சஹன் கீழே விழுந்தது. இவர் மருமகனின் வாயிலேயே ஓர் அறை அறைந்துவிட்டு, ஆத்திரத்தில் மற்ற இரண்டு சஹனையும் காலால் உதைத்தார். சோறு மணலெல்லாம் பறந்தது. மருமகனின் உதட்டிலிருந்து இரத்தம் வழிந்தது, பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு கத்தினார்கள். அதில் ஒருத்தி எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் பின்நேரம் அஸருக்குள் அந்தப் படம் கரையோரம் முழுக்கப் போய்விட்டது. மருமகனை அடித்ததை யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. சோற்றைக் காலால் உதைத்தவன் என்றுதான் கதைத்தார்கள். அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அவன்ட புள்ளயள் என்று கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனவருக்குப் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. எங்களிடமும் பெரியவர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்து, "சோத்துக்கு மரியாதை இல்லாத எடத்துக்கு எங்கட குடும்பங்கள் எப்பிடி வாற?" என்று கேட்டார்கள். என் கணவர் அவரை நிற்பாட்டிவிடுவோம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். அவரைத் திருத்தலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பெரிய டீச்சர் மாதிரி.

கேற்றடியில், அந்தக் குடும்பத்தின் முன்னால் அவரை மன்னிப்புக் கேட்க வைத்தேன். கேட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டே சொல்லில். பிறகு அவரைக் கூப்பிட்டுச் சட்டம் போட்டேன். வயதில் மூத்தவர், அண்ணன் முறைக்குக் காக்கா என்றுதான் நான் கூப்பிடுவது.

"இனி ஒரு மனிசர்ல கை வைக்கப்படாது காக்கா. ஒருத்தர்ட பையயும் தொடப்படாது. உள்ள தின்ற சாமான் இரிக்கா எண்டு மரியாதையாக் கேளுங்க."

"கேக்கன். இல்லண்டு சொன்னா?"

"இல்லண்டா இல்ல. வந்துருங்க."

"பொய் சொன்னா தங்கச்சி?"

"சொன்னா அவங்கட பாவம். ஒங்களுக்கென்ன?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. "ஓம்" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு நாலு மாதம் அவர் ஒருவரையும் தொடவில்லை. ஒவ்வொரு கூடாரத்தின் முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "உள்ள தின்ற சாமான் ஏதும் இரிக்கா?" என்று கேட்பார். இல்லை என்பார்கள். உள்ளே பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்கும். அவர் அடுத்த கூடாரத்துக்குப் போவார். ஆட்கள் திரும்பவும் வரத் தொடங்கினார்கள். நல்ல மனிசனாகிவிட்டார் என்று நான் என் கணவரிடம் பெருமையடித்தேன். ஆனால் அவர் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். மெசின் பெட்டியிலேயே பாயைப் போட்டுப் படுத்தார், சட்டைப்பையில் யானை வெடி எந்த நேரமும் இருந்தது. இப்போது அடிக்க முடியாதென்பதால் காவல் இருந்தார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

அந்த வருடம் பள்ளிவாசல் கந்தூரி விருந்து முடிந்த அடுத்த நாள் உம்மா வந்தா. பனையோலை உமல் ஒன்றில், வாழையிலையில் சுற்றிக் கந்தூரிச் சோறு கொண்டுவந்திருந்தா. ஓதி, நேர்ச்சை வைத்துக் கொடுத்த சோறு. அதில் ஒரு பருக்கை நிலத்தில் விழக்கூடாது, பேத்திகள் இரண்டு பேரும் காலையில் வெறும் வயிற்றில் தின்ன வேண்டும் என்பது உம்மாவின் பிடிவாதம். என் இரண்டு மகள்களும் உம்மாவோடு ஏழாம் கூடாரத்தில் படுப்போம் என்று அடம்பிடித்தார்கள். நான் உமலைக் கேட்டேன்.

"ஓதின சோத்தயா மகள் அந்த மீன் நாத்தப் பெட்டிக்குள்ள போடப்போறாய்? ஒன்ட புள்ளயளுக்குக் கொண்டந்த பரக்கத்து. நீ போடு, நான் இப்பவே வீட்ட போறன்."

உம்மாவோடு வாதாடி வென்ற ஆளை நான் இன்னும் காணவில்லை. ஓர் இரவுதானே என்று விட்டேன். உமல் பாய்க்கு அடியில் போனது.

அவர் வந்தார். கூடாரத்து வாசலில் நானே நின்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லோரிடமும் கேட்கிற மாதிரி என்னிடமும் கேட்டார்.

"உள்ள தின்ற சாமான் ஏதும் இரிக்கா தங்கச்சி?"

"இல்ல காக்கா."

அவர் மூக்கு விரிந்தது. நெய் வாசம் எனக்கே அடித்தது.

"இல்லயா?"

"இல்லண்டா இல்ல" என்று வெடுக்கென்று சொன்னேன். உம்மா பார்த்துக்கொண்டிருக்கிறா, நான் இடத்துக்காரி, என்னையே இரண்டு தரம் கேட்பதா என்று கோபம் வந்தது. அவர் "ஓம்" என்றார். போய் மெசினை எடுத்துக்கொண்டு வந்து, ஏழாம் கூடாரத்துக்குப் பக்கத்தில் காட்டுப் பக்கமாக நிறுத்தினார். அடம் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் என் அறைக்குப் போய்ப் படுத்தேன்.

சுபஹ் தொழுது பாயைச் சுருட்டும்போது வெடிச் சத்தம் கேட்டது. வெளியே ஓடினேன். நிலம் வெளுத்திருந்தது. ஏழாம் கூடாரத்தின் முன்னால் தனி ஆண் யானை, நாங்கள் அலியன் என்கிற சாதி. வெடி அதற்குப் பட்டதாகவே தெரியவில்லை. அவர் அடுத்த வெடியைக் கொளுத்தினார், பனியில் ஊறிப்போயிருந்தது, வெடிக்கவில்லை. அவர் மெசினை முடுக்கி நேரே யானைக்கும் கூடாரத்துக்கும் நடுவில் விட்டார். யானை நெற்றியால் ஒரே ஒரு தள்ளுத் தள்ளியது. மெசினும் பெட்டியும் அவரோடு சேர்ந்து கவிழ்ந்தன. சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் அவருடைய வலது காலின் மேல் விழுந்ததை நான் பார்த்தேன். எலும்பு முறிந்த சத்தம் மெசின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது.

உள்ளே உம்மா ஆயத்துல் குர்ஸி ஓதுகிற சத்தம். என் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுகிற சத்தம். யானை தும்பிக்கையைக் கூடாரத்தில் வைத்து, முளை முளையாகப் பிடுங்கியது. அவர் மெசினுக்கு அடியில் கிடந்தபடியே, கைக்கு எட்டிய சுத்தியலால் அதன் முன்னங்கால் நகத்தில் அடித்தார். அடித்தார், திரும்பவும் அடித்தார். "பின்னால கிழிச்சுக்கொண்டு வெளியால வாங்க, கெதியா வாங்க" என்று கத்தினார். யானை அவர் பக்கம் திரும்பி, பெட்டியை மிதித்தது. பெட்டி நசுங்கி அவர் மேல் இன்னும் இறங்கியது. அந்த நேரத்துக்குள் உம்மா பின்பக்கத் துணியை, எப்போதும் தலைமாட்டில் வைத்துப் படுக்கிற அரிவாளால் கிழித்துப் பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டா. மூத்தவள் இளையவளை இழுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

யானை அவரை விட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் துழாவி, உமலை எடுத்தது. இரண்டு தரம் உதறியது. பிறகு ஓலை, இலை, சோறு எல்லாவற்றையும் வாய்க்குள் வைத்து மென்றுகொண்டே களப்புக் கரையால் நடந்து போனது. அவர் அந்த உமலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

சாட்சி யானையின் வயிற்றுக்குள் போய்விட்டது. விசாரிக்க வந்தவர்கள் கூடாரத்துக்குள் உணவு இருந்ததா என்று கேட்டார்கள். நான் இல்லை என்றேன். என் கணவருக்கும் இல்லை என்றேன். உம்மாவை மட்டும் தனியே இழுத்துவைத்து, உங்கள் சோற்றால்தானே இவ்வளவும் என்று கேட்டேன். "அந்தச் சோத்துப் பரக்கத்துதான்கா ஒன்ட புள்ளயளக் காப்பாத்தின" என்றா. என் வாழ்க்கையில் உம்மாவை அடிக்கக் கை ஓங்கியது அன்று ஒரு நாள்தான். அடிக்கவில்லை. அவர் அடித்திருப்பார், எனக்குத் தைரியம் இல்லை.

அவருடைய வலது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருடைய மனைவி தலைமாட்டில் இருந்து கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் தந்தாள், எங்களுக்கு நீங்கள்தான் துணை என்று என் கையைப் பிடித்து அழுதாள். அவர் என்னைப் பார்த்து விரலால் கிட்ட வா என்றார். ஏதோ கதைக்கப் போகிறார் என்று குனிந்தேன். அவ்வளவு பலத்தை எங்கிருந்து எடுத்தாரோ, என் கன்னத்தில் அறைந்தார். முக்காடு கழன்று தோளில் விழுந்தது. காது இரைந்தது. வார்ட் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வழக்கமாக அடித்த பிறகு சொல்கிற விளக்கத்தை அன்று சொல்லவில்லை.

அவருடைய மனைவி துடித்துப்போய்விட்டாள். அந்நிய ஆம்பிளை ஒரு பொம்பளைக்கு, அதுவும் சோறு போடுகிற இடத்துக்காரிக்குக் கை நீட்டுவதா? என் முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டுவிட்டாள். "மருந்து மயக்கம் தங்கச்சி. மனிசனுக்குப் புத்தி பேதலிச்சிற்று. அல்லாவுக்காக மன்னிச்சுக் கொள்ளுங்க" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சோறு உள்ளே இருந்ததை அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அவர் முதுகு அதைக் கேட்கத்தான் காத்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

"பரவாயில்ல" என்றேன்.

அவர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒவ்வொரு பெருநாளைக்கும் அந்த மனிசி ஒரு சட்டி வட்டிலப்பம் செய்து, வெள்ளைச் சீலையால் மூடி, பஸ் ஏறி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். கணவன் எனக்குக் கை நீட்டியதற்காக. வாசலிலேயே நின்று, "இந்த வருசமாவது மனசார மன்னிச்சிருங்க தங்கச்சி" என்கிறாள். நானும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிச் சட்டியை வாங்கிக்கொள்கிறேன்.